உண்ட சோறு என்ன ஆகிறது?



மளிகைக் கடை வைத்திருப்பவனுக்கு ஊராரின் வயிற்று விவகாரம் அனைத்தும் தெரிந்துவிடும். "பாய், ராத்திரி முழுதும் வயிறு பொருமிக்கொண்டே இருந்தது, கொஞ்சம் ஓமம் கொடுங்கள்" என்று ஒருவர் வருவார். "புளித்த ஏப்பம் நிற்கவில்லை, சுக்கு நல்லதா, சீரகம் நல்லதா?" என்று இன்னொருவர் கேட்பார். எங்கே தொல்லை என்று கேட்டால், நெஞ்சுக் குழியில் தொடங்கி அடிவயிறு வரையில் கையால் ஒரு தடவு தடவிக் காட்டுவார்கள். அத்தனை இடத்துக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: வயிறு.

அந்த ஒரு சாண் வயிற்றுக்குள் இரைப்பை வேறு, சிறுகுடல் வேறு, பெருங்குடல் வேறு, கல்லீரல் வேறு, கணையம் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு. ஒன்றின் நோய் மற்றொன்றின் நோயல்ல. இது தெரியாமல் நானும் பல வருடங்கள் எல்லாருக்கும் ஒரே ஓமப் பொட்டலத்தை மடித்துக் கொடுத்து வந்தேன். 2016-ம் ஆண்டில் என் வாப்பா நோயுற்றபோதுதான் இந்தப் பாடத்தைக் கற்றேன். கற்ற விதம் வருத்தமானது. அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

நான் வைத்தியனல்ல. மதரஸாவில் ஓதியதும், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்ததும்தான் என் படிப்பு. அப்போது ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, வெள்ளைக் காகிதத்தில் வாய் முதல் மலவாய் வரை படம் வரைந்து எனக்கு விளங்க வைத்தார். அந்தக் காகிதம் இன்றும் என் கல்லாப் பெட்டியில் இருக்கிறது. அதன் பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை, கடையில் பேசுகிற மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

ஜீரணம் எதற்காக?

பினாங்கில் இருக்கும் நமக்கு நாசி கண்டாரை விட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரு தட்டில் சோறு, ஆட்டிறைச்சி, இரண்டு வெண்டைக்காய், அதன்மேல் கலந்து ஊற்றிய குழம்பு. சோற்றில் இருப்பது மாச்சத்து. இறைச்சியில் இருப்பது புரதம். குழம்பில் மிதப்பது கொழுப்பு. வெண்டைக்காயில் நார்ச்சத்து. இவை உடம்புக்குத் தேவையானவை. ஆனால் உள்ளபடியே இரத்தத்தில் சேர முடியாதவை.

ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டிப் பத்துக் காசு மிட்டாய் வாங்க முடியாது. அதைச் சில்லறையாக்க வேண்டும். ஜீரணம் என்பதும் இதுவே. மாச்சத்து சர்க்கரையாகவும், புரதம் அமினோ அமிலங்களாகவும், கொழுப்பு கொழுப்பமிலங்களாகவும் சில்லறையாக வேண்டும். அப்போதுதான் குடற்சுவரைக் கடந்து உடம்புக்குள் போகும். அதுவரையில், விழுங்கிய சோறு நம் வயிற்றில் இருந்தாலும் நம் உடம்பில் சேர்ந்ததாகக் கணக்கில்லை. கடை வாசலில் வந்து நிற்கும் சரக்கு, பேரேட்டில் ஏறாதது போலத்தான்.

இந்தச் சில்லறை மாற்றும் வேலை நடக்கும் பாதை, வாய் முதல் மலவாய் வரை ஒரே குழாய். அதன் நீளம் ஏறக்குறைய 9 மீட்டர் என்று நூல்கள் கூறும். உயிருள்ள உடம்பில் தசைகள் இறுகியிருப்பதால் சற்றுக் குறைவாக இருக்கும். இந்தப் பாதையில் ஒரு விசேஷம் உண்டு. இதன் இரு முனைகள் மட்டுமே நம் சொற்படி நடப்பவை. வாயில் எதைப் போடுவது, எவ்வளவு மெல்லுவது, எப்போது விழுங்குவது என்பது நம் விருப்பம். கடைசி வாசலைத் திறப்பதும் அடைப்பதும் நம் விருப்பம். நடுவில் நடப்பது எதுவும் நம்மைக் கேட்டு நடப்பதில்லை. குடற்சுவரிலேயே பத்துக் கோடிக்கும் அதிகமான நரம்பணுக்கள் இருந்து அவ்வேலையை நடத்துகின்றன. ஆகவே நம் பொறுப்பு அந்த இரண்டு முனைகளில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் வாசல்: வாய்

வளர்ந்த மனிதனுக்குப் பற்கள் 32. முன்னாலுள்ள வெட்டுப் பற்கள் 8, கோரைப் பற்கள் 4, முன்கடைவாய்ப் பற்கள் 8, கடைவாய்ப் பற்கள் 12. வெட்டவும், கிழிக்கவும், அரைக்கவும் தனித்தனியே பற்கள் இருப்பதைக் கவனியுங்கள். குடலுக்குள் எங்கேயும் பல் கிடையாது. வாயில் அரைக்காமல் அனுப்பியதை இரைப்பை கசக்கிப் பிசையுமே தவிர, பற்களைப் போல் அரைக்காது.

காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் என்று மூன்று ஜோடி உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. இதில் அமிலேஸ் என்னும் நொதி இருக்கிறது. நொதி என்றால் ஆங்கில வைத்தியர்கள் என்ஸைம் என்று சொல்வது. அதுதான் சில்லறை மாற்றும் ஆள். வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் ஒரு நிமிஷம் மென்று பாருங்கள், இனிப்புத் தட்டும். மாச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கிவிட்டதற்கு அதுவே சாட்சி.

விழுங்கும்போது, நாக்கின் அடியிலுள்ள குரல்வளை மூடி மூச்சுக்குழாயின் வாயை மறைத்துக்கொள்கிறது. சோறு பின்னாலுள்ள உணவுக்குழாயில் இறங்குகிறது. வாயில் சோற்றோடு பேசிச் சிரித்தால் புரையேறுவது இந்த மூடி தடுமாறுவதால்தான். விழுங்கத் தொடங்குவது வரையில் நம் செயல்; அதற்கு மேல் திருப்பி அழைக்க முடியாது.

உணவுக்குழாயின் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். அதில் சோறு தன் பாரத்தால் விழுவதில்லை. தசைகள் மேலே சுருங்கிக் கீழே தளர்ந்து அலை அலையாகத் தள்ளுகின்றன. பத்து வினாடிக்குள் இரைப்பைக்குப் போய்விடும். தலைகீழாக நின்று விழுங்கினாலும் இவ்வலை உணவை இரைப்பைக்கே சேர்க்கும். இரைப்பையின் வாயில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அது சரியாக மூடாவிட்டால் இரைப்பையின் புளிப்பு மேலே ஏறி நெஞ்செரிச்சல் உண்டாகும். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே படுக்கிறவர்களுக்கு இது அதிகம். கடை அடைத்துவிட்டு இரவு பதினொரு மணிக்குச் சாப்பிட்டு, பதினொன்றரைக்குப் படுக்கும் நம் வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரைப்பை

இரைப்பை என்பது இடது பக்கம், விலா எலும்பின் ஓரத்தில் இருக்கும் தசைப் பை. வெறுமையாக இருக்கும்போது சுருங்கிக் கிடக்கும். சாப்பிட்டால் ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை கொள்ளும். அதன் சுவரில் மூன்று அடுக்குத் தசைகள் மூன்று திசையில் ஓடுவதால், அது சோற்றைப் புரட்டியும் பிசைந்தும் கூழாக்குகிறது. இங்கே சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமும், பெப்ஸின் என்னும் நொதியும். அமிலம் கிருமிகளைக் கொல்லும். பெப்ஸின் இறைச்சியின் புரதத்தை வெட்டத் தொடங்கும்.

இதையெல்லாம் மனிதன் எப்படிக் கண்டறிந்தான் என்று கேட்கலாம். 1822-ம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் மிஷிகன் பகுதியில் மாக்கினாக் என்னும் தீவில், கம்பளித்தோல் வியாபாரம் நடக்கும் கடையொன்றில் ஒருவருடைய துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற படகுத் தொழிலாளியின் விலாப்புறத்தில் குண்டு பாய்ந்தது. கோட்டையிலிருந்த இராணுவ வைத்தியர் வில்லியம் போமண்ட் அவரைப் பிழைக்க வைத்தார். ஆனால் புண் ஆறியபோது இரைப்பைக்கு ஒரு துவாரம் வெளியே திறந்தபடி நின்றுவிட்டது. அதன் வழியாகப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும்.

1825-ம் ஆண்டில் போமண்ட், பட்டு நூலில் இறைச்சித் துண்டு, ரொட்டித் துண்டு, கோஸ் இலை முதலியவற்றைக் கட்டி அத்துவாரத்தின் வழியாக இறக்கி, மணிக்கொரு முறை இழுத்துப் பார்த்தார். இரைப்பை நீரைச் சிறு புட்டியில் எடுத்து, உடம்பின் சூட்டில் வைத்து அதில் இறைச்சியைப் போட்டார். அது புட்டிக்குள்ளேயே கரைந்தது. ஜீரணம் என்பது அரைப்பது மட்டுமல்ல, நீரால் கரைப்பதும்தான் என்று இதனால் தெளிவாயிற்று. அவர் கோபம் கொண்டிருக்கும் வேளையில் ஜீரணம் கெடுவதையும் போமண்ட் கண்டு எழுதினார். 1833-ல் அவர் நூல் வெளிவந்தது. வைத்தியர் 1853-ல் காலமானார். துவாரத்தோடு வாழ்ந்த அந்தத் தொழிலாளி 1880 வரை உயிரோடு இருந்தார். ஓர் ஏழையின் புண்ணிலிருந்து உலகம் பெற்ற பாடம் இது.

இறைச்சியைக் கரைக்கும் நீர் இரைப்பையையே ஏன் கரைப்பதில்லை? அதன் உட்சுவரில் கோழை போன்ற வழவழப்பான பூச்சு ஒன்று இருந்து காக்கிறது. மேலணுக்களும் சில நாளுக்கொரு முறை புதிதாகின்றன. இந்தப் பூச்சுக்குக் கேடு வந்தால்தான் புண் உண்டாகும்.

வயிற்றுப் புண்ணுக்கு மிளகாயும் கவலையுமே காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு டாக்டர்கள், புண்ணுள்ளவர்களின் இரைப்பையில் ஒரு கிருமியைக் கண்டு, அதை வளர்த்தும் காட்டினார்கள். அதற்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர். மற்றவர்கள் நம்பாததால், 1984-ல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே குடித்து, சில நாளில் இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று இக்கிருமிக்குச் சில வார மருந்து உண்டு.

புண்ணுக்கு இரண்டாவது பெருங்காரணம், வலி மாத்திரை. ஆஸ்பிரின், ஐபுப்ரோபென், டைக்ளோபெனாக் போன்றவை அந்தப் பாதுகாப்புப் பூச்சைக் குறைத்துவிடுகின்றன. மிளகாய் எரிச்சலை உண்டாக்கலாம். ஆனால் புண்ணைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் கிருமியும் மாத்திரையும்தான். அரிசி மூட்டை தூக்கி இடுப்பு வலிக்கிறது என்று டாக்டரிடம் கேட்காமல் மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குகிறவர்களை நான் அறிவேன். வேறு நோய்க்காக டாக்டர் ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. கேட்டு நடக்க வேண்டும்.

இன்னொன்று. வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்கு எட்ட ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆகும். நோன்பு திறக்கும் நேரத்தில் பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, சமோசா, சர்பத்து, சோறு எல்லாவற்றையும் பத்து நிமிஷத்தில் உள்ளே தள்ளிவிட்டு மூச்சுத் திணறுகிறோமே, அதன் காரணம் இதுதான். கஞ்சியோடு நிறுத்தித் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால், பசி எவ்வளவு என்று இரைப்பையே சொல்லிவிடும்.

சிறுகுடலும் அதன் கூட்டாளிகளும்

இரண்டு முதல் நான்கைந்து மணி நேரத்தில், இரைப்பையின் அடிவாசல் கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குத் திறந்துவிடும். கொழுப்பு அதிகமானால் தாமதமாகும். நாசி கண்டார் சாப்பிட்ட அன்று மாலையிலும் பசிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

சிறுகுடலின் நீளம் சுமார் 6 மீட்டர். அகலம் இரண்டரை சென்டிமீட்டர். நீளத்தில் பெரிதாயினும் அகலத்தில் சிறியதால் சிறுகுடல் என்று பெயர். அதன் தொடக்கத்திலுள்ள 25 சென்டிமீட்டர் பகுதிக்கு முன்சிறுகுடல் என்று பெயர். இரண்டு கூட்டாளிகள் தங்கள் சரக்கை அங்கேதான் கொண்டுவந்து இறக்குகின்றன.

ஒன்று கல்லீரல். வலது விலாவுக்குள் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கிறது. அது பித்தநீரைச் செய்கிறது. மிச்சத்தைச் சேர்த்து வைக்கும் சிறு பைதான் பித்தப்பை. தலை சுற்றினால் "பித்தம்" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் பித்தநீரின் வேலை, எண்ணெய்ப் பாத்திரத்தில் சவர்க்காரம் செய்யும் வேலை. கொழுப்பைச் சிறு சிறு துளிகளாக உடைத்து, நொதி வேலை செய்ய இடம் கொடுக்கிறது. மலத்தின் பழுப்பு நிறமும் பித்தநீரால் வருவதுதான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

மற்றொன்று கணையம். இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே கிடக்கிறது. இது சுரக்கும் நீர், இரைப்பையிலிருந்து வந்த அமிலத்தின் காரத்தைத் தணிக்கும். மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் வெட்டும் நொதிகளும் இதில் உண்டு. இதே கணையம்தான் இன்சுலினையும் இரத்தத்தில் விடுகிறது. அது குறைந்தாலோ, உடம்பு அதற்குக் கட்டுப்படாமற்போனாலோ வருவது நீரிழிவு.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். சிறுகுடலின் உட்சுவர் வழவழப்பானதல்ல. குளிக்கும் துவாலையைப் போல் இலட்சக்கணக்கான மெல்லிய முளைகள் நிற்கின்றன, இவை குடலுறிஞ்சிகள். ஒவ்வொரு முளையின் மேலணுவிலும் அதைவிட நுண்ணிய மயிர் போன்றவை உண்டு. இவ்வளவையும் விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று முன்னாளில் எழுதினார்கள். 2014-ல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டு, ஏறக்குறைய 30 சதுர மீட்டர் என்று சொன்னார்கள். அதுவும் ஒரு நடுத்தரக் கடையின் தரை அளவு!

இங்கேதான் சில்லறையான சத்துக்கள் சுவரைக் கடக்கின்றன. கொழுப்பில் பெரும்பகுதி நிணநீர்க் குழாய் வழியாகச் சுற்றிப் போகும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் இரத்தத்தில் சேரும். அந்த இரத்தம் நேராக இருதயத்துக்குப் போவதில்லை. ஒரு தனிக் குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. துறைமுகத்தில் இறங்கிய சரக்கு முதலில் கிட்டங்கிக்குப் போய், அங்கே சோதித்துப் பிரித்த பிறகே கடைகளுக்குப் போவது போல. பெருங்குடலின் இரத்தமும் பெரும்பாலும் இந்த வழிதான்.

டாக்டரம்மா வரைந்த படத்தில் இந்தக் குழாயின்மீது இரண்டு கோடு அழுத்திப் போட்டிருக்கிறார். ஏனென்று சொல்லுகிறேன்.

பெருங்குடல்

சத்தெல்லாம் போன பிறகு மிஞ்சியது, வலது அடிவயிற்றில் பெருங்குடலுக்குள் நுழையும். அங்கேதான் குடல்வால் தொங்குகிறது. பெருங்குடல் ஒன்றரை மீட்டர் நீளம். வலப்பக்கம் மேலே ஏறி, குறுக்கே சென்று, இடப்பக்கம் இறங்கி, மலக்குடலில் முடிகிறது.

அதன் முதல் வேலை நீரை மீட்பது. நாம் குடிப்பதும், உமிழ்நீர் முதல் கணைய நீர் வரை சுரப்பதும் சேர்ந்து நாளொன்றுக்கு எட்டு ஒன்பது லிட்டர் குடலுக்குள் இறங்குகிறது. சிறுகுடல் பெரும்பகுதியை மீட்டுவிடும். பெருங்குடல் மிச்சத்தை மீட்டு, நூறு இருநூறு மில்லிலிட்டரை மட்டும் வெளியே விடும். வயிற்றுப்போக்கில் இந்தக் கணக்கு தவறுவதால்தான் குழந்தைகளும் முதியவர்களும் சில மணி நேரத்தில் வாடிவிடுகிறார்கள். அப்போது முதல் மருந்து, உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீர்.

இரண்டாவது வேலை, கோடானுகோடி நல்ல கிருமிகளுக்கு இடம் கொடுப்பது. நம்மால் ஜீரணிக்க முடியாத வெண்டைக்காய் நார் அவற்றுக்கு உணவு. அதைத் தின்று அவை குடற்சுவருக்கு ஊட்டமான அமிலங்களையும், வைட்டமின் கே போன்றவற்றையும் செய்கின்றன. நார் மலத்தை இளக்கியும் வைக்கிறது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும், 400 கிராம் காய்கனியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கூறியுள்ளது. நம் தட்டில் இறைச்சி நான்கு துண்டு, வெண்டைக்காய் இரண்டு. இதை மாற்றிப் போட யாரும் தடை சொல்லப்போவதில்லை.

ஒரு கவளம் வாயில் புகுந்து வெளியேற ஒன்று முதல் மூன்று நாள் ஆகலாம். அதில் பெரும்பொழுது பெருங்குடலில்தான்.

கடைசி வாசல்

மலவாயில் இரண்டு தசை வளையங்கள் உண்டு. உள்வளையம் நம்மைக் கேளாமல் இயங்கும். வெளிவளையம் நம் சொற்படி இயங்கும். இங்கேதான் அதிகாரம் மறுபடியும் நம் கைக்கு வருகிறது. ஆனால் இந்த வாசலைப் பற்றிப் பேச நாம் வெட்கப்படுகிறோம். இதையெல்லாம் சங்கப் பத்திரிகையில் எழுதலாமா என்று இப்போதே சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்காகவே என் வாப்பாவின் கதையைச் சொல்லுகிறேன்.

வாப்பாவுக்கு அப்போது வயது 68. மலத்தோடு இரத்தம் போவதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. உம்மாவிடமும் சொல்லவில்லை. மூலம் என்று தாமே முடிவு செய்துகொண்டார். என்னிடம், "தம்பி, கொஞ்சம் கடுக்காய்த் தூள் எடு, கருணைக் கிழங்கு வந்தால் எனக்கு எடுத்து வை" என்பார். எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்பது மரியாதையல்ல என்று நினைத்தேன். கைலியை இறுக்கி இறுக்கிக் கட்டினார். இளைத்துவிட்டார் என்று தெரிந்தும், வயதாகிறது என்று விட்டேன். ஒருநாள் கல்லாவில் உட்கார்ந்தபடியே மயங்கி விழுந்தார். இரத்தம் மிகவும் குறைந்திருந்தது. குழாய் விட்டுப் பார்த்தபோது இடப்பக்கப் பெருங்குடலில் புற்று. அது கல்லீரலுக்கும் பரவிவிட்டிருந்தது.

"குடலில் வந்தது கல்லீரலுக்கு எப்படிப் போயிற்று?" என்று நான் கேட்டேன். அப்போதுதான் டாக்டரம்மா அந்தப் படத்தை வரைந்து, குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் குழாயின்மீது இரண்டு கோடு போட்டார். சத்து போகிற அதே வழியில்தான் புற்றணுக்களும் போயிருந்தன. "எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால்?" என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "ஐயா, அது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் சீக்கிரம் வந்தவர்கள் பலர் நன்றாக இருக்கிறார்கள்" என்றார். வாப்பா 2017-ல் காலமானார்.

பெருங்குடற் புற்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. அது பெரும்பாலும் பாலிப் என்னும் சிறு மொட்டாகத் தொடங்கி, புற்றாக மாறப் பத்து வருடம் வரையிலும் ஆகும். அந்தப் பத்து வருடமும் நமக்குக் கிடைத்த தவணை. மொட்டாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் அதிலிருந்து புற்று வராது. ஆகவே 50 வயதானவர்கள், ஒரு தொல்லையும் இல்லாவிட்டாலும், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்ற சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்று இரு நாட்டுச் சுகாதாரத் துறைகளும் சொல்கின்றன. சிறு குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுப்பதுதான், வலியில்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்திருந்தால் 50 வரை காத்திருக்கக் கூடாது. 2022-ல், எனக்கு நாற்பத்திரண்டு வயதில், டாக்டர் சொற்படி குழாய்ச் சோதனை செய்துகொண்டேன். இரண்டு மொட்டுக்கள் இருந்தன, அங்கேயே எடுத்துவிட்டார்கள். மறுநாள் கடை திறந்தேன்.

பாதை தெரிந்தவனுக்கு அடையாளம் தெரியும்

இந்தப் பாதையை அறிந்தவருக்குக் கடைசி வாசலில் தெரியும் அடையாளங்களின் பொருளும் விளங்கும்.

மலம் தார் போல் கறுத்துப் பிசுபிசுத்தால், இரத்தம் மேலே, இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசிந்து, அமிலம் பட்டுக் கறுத்திருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கறுக்கும். எதுவென்று டாக்டர் சொல்லட்டும்.

சிவந்த இரத்தமானால் பெரும்பாலும் கீழே, பெருங்குடலிலோ மலவாயிலோ. மூலமாகவும் இருக்கலாம், ஆனால் மூலம் என்று தீர்மானிப்பது நாமல்ல.

மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளானால், பித்தநீர் குடலுக்கு வரும் வழி அடைபட்டிருக்கலாம்.

வழக்கமான நேரமும் தன்மையும் மாறிச் சில வாரங்கள் நீடித்தால், காரணமின்றி எடை குறைந்தால், விழுங்கும்போது சோறு நெஞ்சில் நின்றால், அவையும் சொல்லியனுப்பிய செய்திகளே.

இவற்றில் எதற்கும் ஓமம் மருந்தல்ல. ஓமம் வாயுவுக்கு நல்லதுதான். இன்றும் என் கடையில் விற்கிறேன். ஆனால் இப்போதெல்லாம், ஒரே ஆள் ஒரே மாதத்தில் மூன்றாம் முறை வயிற்றுக்கென்று பொட்டலம் கேட்டால், மடிப்பதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: "எங்கே வலிக்கிறது? எத்தனை நாளாக? போகும்போது நிறம் எப்படி?" சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். சிலர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். சொன்னவர்களை டாக்டரிடம் அனுப்பிவிடுகிறேன்.

நடுவிலுள்ள வேலைகளை நம் உடம்பு நம்மைக் கேளாமலே செவ்வனே செய்து வருகிறது. முதல் வாசலில் அளவோடு போட்டு நன்றாக மெல்லுவதும், கடைசி வாசலில் கண்ணால் பார்த்து, கண்டதை வாய்விட்டுச் சொல்வதும் நம் பங்கு. வாசகர்கள் இதைப் படித்த பின், வீட்டிலுள்ள வயதானவர்களிடம் இன்றே ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு வார்த்தைதான்.